சாமானியன் பெயரால் ஒழிக்கப்பட்ட வரி

கார்பன் வரி ஏழை நடுத்தரக் குடும்பங்களைச் சுரண்டுகிறது, மளிகை விலையை ஏற்றுகிறது, தொழிலை முடக்குகிறது என்ற நம்பிக்கை கனடாவில் ஒரு நல்ல வரியையே சாய்த்துவிட்டது. 2025 மார்ச் 14 அன்று பிரதமராகப் பதவியேற்ற மார்க் கார்னி, நுகர்வோர் மீதான கார்பன் வரியை முடித்துவைக்கும் உத்தரவில் அன்றைக்கே கையெழுத்திட்டார். ஏப்ரல் 1 முதல் வரி இல்லை. கையெழுத்திட்டவர் பொருளாதாரம் தெரியாதவர் அல்லர். கனடா, இங்கிலாந்து ஆகிய இரு நாடுகளின் மத்திய வங்கிகளுக்கும் ஆளுநராக இருந்தவர்; பருவநிலை நடவடிக்கைக்கும் நிதிக்கும் ஐ.நா.வின் சிறப்புத் தூதராகப் பணியாற்றியவர். விவரம் அறிந்த அவரே ஒரு பொய்யான நம்பிக்கைக்கு வளைந்துகொடுத்தது வெட்கக்கேடு.

இந்த வரியின் அமைப்பு எளியது. 2018இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, சொந்தத் திட்டம் வகுக்காத மாகாணங்களில் 2019 ஏப்ரல் 1 முதல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 20 டாலர் வசூலிக்கப்பட்டது. ஆண்டுதோறும் ஏறி, 2024 ஏப்ரலில் அது 80 டாலரானது. பெட்ரோல் பங்க்கில் அது லிட்டருக்கு 17.6 சென்ட். வசூலான தொகையில் சுமார் 90 சதவீதம் குடும்பங்களின் வங்கிக் கணக்குக்கே திரும்பிப் போனது. எவ்வளவு எரித்தார்கள் என்று பார்த்து அது தரப்படவில்லை. குடும்பத்தில் எத்தனை பேர் என்று பார்த்தே தரப்பட்டது. ஆகவே குறைவாக எரித்த வீட்டுக்கு லாபம், பெரிய வண்டியும் பெரிய மாளிகையும் வைத்திருந்தவருக்குச் செலவு. சாமானியனுக்குச் சாதகமாக இதைவிடத் தெளிவாக ஒரு வரியை வடிவமைப்பது கடினம்.

ஒன்டாரியோவில் நால்வர் கொண்ட ஒரு குடும்பத்துக்கு 2024–25இல் கிடைத்த தொகை 1,120 டாலர். ஸ்கார்பரோவிலும் மார்க்கமிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களும் இதே கணக்கில் அடக்கம். அப்படி ஒரு வீடு ஆண்டுக்கு 2,000 லிட்டர் பெட்ரோல் போட்டால் வரி 352 டாலர். வீட்டைச் சூடேற்ற 2,400 கன மீட்டர் இயற்கை எரிவாயு எரித்தால், கன மீட்டருக்கு 15.25 சென்ட் வீதம் 366 டாலர். இரண்டும் சேர்த்து 718. அதன்மேல் விழும் 13 சதவீத விற்பனை வரியையும் கூட்டினால் சுமார் 811. மீதி முந்நூறு டாலருக்கு மேல் அந்தக் குடும்பத்தின் கையில் நின்றது. இந்தக் கூட்டல் கழித்தலைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். அதைச் செய்யாமல் ஆறு ஆண்டுகள் மேடைகளில் கூச்சல் போட்டார்கள்.

பிரிட்டிஷ் கொலம்பியாவின் அனுபவம் ஒன்றே இந்த நம்பிக்கையைத் தகர்க்கப் போதுமானது. அங்கே 2008 ஜூலை 1 அன்று கார்பன் வரி வந்தது. கொண்டுவந்தவர் முதல்வர் கோர்டன் கேம்பல். அவருடைய கட்சியின் பெயர் லிபரல் என்றாலும் வணிகர்களின் ஆதரவு பெற்ற வலதுசாரிக் கட்சி அது. டன்னுக்கு 10 டாலரில் தொடங்கிய வரி 2012இல் 30 டாலரானது. வசூலாகும் அளவுக்கு வேறு வரிகளைக் குறைத்தே ஆக வேண்டும் என்று சட்டமே கட்டுப்படுத்தியது. வருமான வரி குறைந்தது, நிறுவன வரி குறைந்தது, குறைந்த வருமானக் குடும்பங்களுக்குத் தனித் தொகை போனது. மாகாணத்தின் பொருளாதாரம் கனடாவின் மற்ற பகுதிகளைவிடப் பின்தங்கவில்லை. வரி இல்லாவிட்டால் வெளியேறியிருக்கக்கூடிய வாயுவோடு ஒப்பிட்டால், வெளியேற்றம் 5 முதல் 15 சதவீதம் குறைந்தது என்று ஆய்வாளர்கள் கணித்தார்கள். தொழில் முடங்கும் என்று சொன்னவர்கள் பிரிட்டிஷ் கொலம்பியாவைப் பார்த்துத் திருந்தியிருக்க வேண்டும்.

திருந்தவில்லை. ‘வரியை ஒழி’ என்ற முழக்கத்தை 2009 தேர்தலில் அங்கே எழுப்பியது இடதுசாரிகளான புதிய ஜனநாயகக் கட்சி. தேர்தலில் தோற்றது, கேம்பல் மீண்டும் வென்றார். 2017இல் ஆட்சியைப் பிடித்ததும் அதே புதிய ஜனநாயகக் கட்சி, தான் ஒழிக்கச் சொன்ன வரியை உயர்த்தியது. 2025 ஏப்ரல் 1 அன்று அதே கட்சியின் முதல்வர் டேவிட் ஈபி அதை நீக்கினார். நாட்டளவில் கன்சர்வேடிவ் கட்சியின் கதையும் இதுதான். 2021 தேர்தலில் எரின் ஓ’டூல் தலைமையில் அந்தக் கட்சியின் அறிக்கையே கார்பனுக்கு விலை வைப்பதாக வாக்களித்தது. அந்த அறிக்கையின் பேரில் போட்டியிட்டு நாடாளுமன்றம் போனவர்களில் ஒருவர்தான் பியர் பொய்லியெவ். கட்சித் தலைவரானதும் அவர் ஊர் ஊராகப் போய் முழங்கியதும் அதே ‘வரியை ஒழி’. கொள்கையாக இருந்திருந்தால் இப்படி ஆளுக்கு ஆள், ஆண்டுக்கு ஆண்டு மாறியிருக்காது.

மளிகைக் கடையைக் காட்டிப் பயமுறுத்தியதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. கனடா வங்கியின் ஆளுநர் டிஃப் மக்லெம், ஆண்டுதோறும் வரி ஏறுவதால் பணவீக்கத்தில் கூடுவது 0.15 சதவீதப் புள்ளி அளவே என்று பகிரங்கமாகச் சொல்லியிருந்தார். யாரும் காதில் வாங்கவில்லை. வரி போன முதல் மாதமே விடை வந்தது. 2025 ஏப்ரலில் பெட்ரோல் விலை இறங்கி, மொத்தப் பணவீக்கம் 1.7 சதவீதமானது. ஆனால் கடைகளில் வாங்கும் உணவுப் பொருள்களின் விலை, முந்தைய ஆண்டைவிட 3.8 சதவீதம் ஏறியிருந்தது. மார்ச்சில் அந்த ஏற்றம் 3.2 சதவீதமாக இருந்தது. அரிசியும் காய்கறியும் கார்பன் வரியால்தான் ஏறின என்றவர்கள், வரி போன பிறகு ஏற்றம் ஏன் வேகம் பிடித்தது என்று விளக்கக் கடமைப்பட்டவர்கள்.

பெட்ரோல் விஷயத்திலும் கோபம் தவறான திசையிலேயே பாய்ந்தது. 2022 ஏப்ரலில் கார்பன் வரி லிட்டருக்கு ஏறியது 2.2 சென்ட். உக்ரைன் போரையொட்டி அந்த ஆண்டு பெட்ரோல் விலையே பல நகரங்களில் 2 டாலரைத் தாண்டியது. அந்த உயர்வில் லாபம் பார்த்தவை எண்ணெய் நிறுவனங்கள். அதில் ஒரு சென்ட்கூடக் குடும்பங்களின் கணக்குக்குத் திரும்பவில்லை. இரண்டு சென்ட்டுக்கு எதிராக ஊர்வலம் போனவர்கள், ஐம்பது சென்ட்டை வாய் திறக்காமல் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2008இல் நடந்ததும் இதுவே. அந்த ஜூலையில் கச்சா எண்ணெய் பீப்பாய் 147 டாலரைத் தொட்டது; மாகாணம் விதித்த வரியோ லிட்டருக்கு இரண்டரை சென்ட்டுக்கும் குறைவு. திட்டு விழுந்தது வரிக்கு.

வரியைக் கொண்டுவந்த முந்தைய பிரதமர் ட்ரூடோவின் அரசுக்கும் இந்தத் தோல்வியில் பெரும் பங்கு உண்டு. திருப்பித் தரும் பணம் முதலில் வருமான வரிக் கணக்கின் ஒரு மூலையில் ஒளிந்திருந்தது. 2022இல்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை நேரடியாக வரத் தொடங்கியது. பெயரில் ‘கார்பன்’ என்ற சொல் இடம்பெற 2024 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. எதற்கான பணம் என்று தெரியாத மக்கள் அதை எப்படி வரியோடு இணைத்துப் பார்ப்பார்கள்? அதற்கு முன்பே, 2023 அக்டோபரில், வீடு சூடேற்றும் எண்ணெய்க்கு மட்டும் மூன்று ஆண்டு விலக்கு தரப்பட்டது. அட்லாண்டிக் மாகாணங்களின் வாக்குகளுக்காகச் செய்த அந்த ஒரு சலுகை, வரி சுமைதான் என்று அரசே ஒப்புக்கொண்டதாக ஆனது. சஸ்காட்சவான் மாகாணம் 2024 ஜனவரி 1 முதல் வீடு சூடேற்றும் இயற்கை எரிவாயு மீதான வசூலை நிறுத்தியது.

வரியை ஆதரித்த அதே அரசு 2018இல் டிரான்ஸ் மவுன்டன் எண்ணெய்க் குழாயை 450 கோடி டாலருக்கு வாங்கியது. அதன் விரிவாக்கச் செலவு சுமார் 3,400 கோடி டாலரில் போய் நின்றது. அது வரிப்பணத்தைப் பணயம் வைத்த திட்டம். அதற்கு எதிராக ‘குழாயை ஒழி’ என்று பொய்லியெவ் ஊர் ஊராகப் போகவில்லை.

அந்தக் குழாய் முடியும் மாகாணமும் பிரிட்டிஷ் கொலம்பியாவே. 2021 ஜூன் 29 அன்று அங்குள்ள லிட்டன் கிராமத்தில் வெப்பம் 49.6 பாகையைத் தொட்டது. மறுநாள் கிராமமே எரிந்துபோனது. அந்த வெப்ப அலையில் மாகாணம் முழுவதும் 619 பேர் இறந்ததாக மரண விசாரணை அலுவலகம் கணக்கிட்டது. அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் குளிர்சாதன வசதியில்லாத வீடுகளில் தனியே வாழ்ந்தவர்கள். கார்பனுக்கு விலை வைக்காவிட்டால் செலவே இல்லை என்பது பொய். செலவு இருக்கிறது, அதை முதலில் செலுத்துபவர் வசதியற்றவர்.

2025 ஏப்ரல் 22 அன்று கடைசித் தவணை கணக்குகளில் விழுந்தது. ஆறு நாள் கழித்து நடந்த தேர்தலில் பெரிய கட்சிகள் இரண்டும் வரியை ஒழித்த பெருமைக்கு உரிமை கோரின. வரவைவிடக் குறைவாக வரி கட்டிவந்த குடும்பங்களுக்கு அந்த வரவு அத்தோடு நின்றுபோனது.