சீனி சேர்ந்தால் ரசனை குறைந்துவிடுமா?

சென்ற மாதம் கோலாலம்பூரில் ஒரு விருந்து. நண்பரின் புத்தகம் வெளிவந்த மகிழ்ச்சியில் பத்துப் பேர் கூடியிருந்தோம். நான் 'பொல் ரோஜே' நிறுவனத்தின் 'ரிச்' ஷாம்பெயின் ஒரு போத்தல் கொண்டுபோயிருந்தேன். லேபிளில் 'டெமி-செக்' என்று பார்த்ததும் ஒருவர் சிரித்துவிட்டார்.

"என்னண்ணே, இது இனிப்பால்ல இருக்கும்? ஷாம்பெயின்னா ப்ரூட்தான்."

மற்றவர்களும் தலையாட்டினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு போத்தலை ஓரமாக வைத்துவிட்டேன். அந்தக் கூச்சம்தான் இதை எழுத வைக்கிறது.

'ஷாம்பெயின்னா ப்ரூட்தான்' என்பது பழைய மரபு அல்ல. 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயச் சந்தைக்காக வளர்ந்த பழக்கம். மதாம் பொமரியின் 1874ஆம் ஆண்டு ப்ரூட் புகழ்பெற்ற பிறகே அது பரவியது. அதற்குமுன் ஷாம்பெயின் என்றாலே இனிப்புதான். 2010இல் பால்டிக் கடலடியில் மூழ்கிக் கிடந்த கப்பலிலிருந்து சுமார் 170 ஆண்டுப் பழைய போத்தல்களை எடுத்தார்கள். சோதித்தபோது லிட்டருக்கு ஏறக்குறைய 150 கிராம் சீனி இருந்தது. 1876இல் ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்ஸாண்டருக்காக உருவான 'கிரிஸ்டல்' கூட அன்று இனிப்பானதே. இன்று கிரிஸ்டல் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுகிறவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

லேபிளே சாட்சி சொல்கிறது. பிரெஞ்சில் 'செக்' என்றால் இனிப்பற்றது. ஆனால் 'செக்' ஷாம்பெயினில் லிட்டருக்கு 17 முதல் 32 கிராம் சீனி உண்டு. 'டெமி-செக்'கில் 32 முதல் 50 கிராம். பெயர் வைத்தவர்களின் நாக்குக்கு இதெல்லாம் இனிப்பாகவே படவில்லை!

"மட்டமான வைனை மறைக்கத்தான் சீனி" என்பார்கள். அப்படிச் செய்தவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் 1849 முதல் ஒரே குடும்பத்தின் கையில் இருக்கும், எபெர்னே ஊரின் பொல் ரோஜேயில், ப்ரூட்டுக்கும் ரிச்சுக்கும் ஒரே கலவைதான். பினோ நுவார், மெனியே, ஷார்தொனே மூன்றும் சம பங்கு. கடைசியில், தக்கை அடைக்குமுன் சேர்க்கும் சீனி அளவில்தான் வித்தியாசம். ரிச் மட்டம் என்றால் ப்ரூட்டும் மட்டம்தானே?

இன்னொன்று. கேக் வெட்டும்போது ப்ரூட் ஊற்றுவது நம் ஊர் விருந்துகளில் சடங்காகிவிட்டது. இனிப்பைத் தின்றுவிட்டு ப்ரூட் குடித்தால் புளிப்பு மட்டும்தான் நாக்கில் நிற்கும். கேக்குக்குப் பொருந்துவது டெமி-செக்தான். அதைக் கொண்டுபோனவன்தான் அன்று கேலிக்கு ஆளானான்.

தே தாரிக் குடித்து வளர்ந்தவர்கள் நாம். பிடித்ததைப் பிடிக்கிறது என்று சொல்லக்கூட அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறோம். எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் வந்தால் கிளாஸோடு நிற்காது; படிக்கும் புத்தகத்துக்கும் வரும்.

அடுத்த விருந்துக்கும் ரிச்சைத்தான் கொண்டுவருவேன். சிரிப்பவர்கள் ஒரு வாய் குடித்துவிட்டுச் சிரிக்கட்டும்.