பெரிய துடுப்பு எல்லாருக்கும் பொருந்துமா?

நெகிரி செம்பிலானில், பஹாவ் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவள் நான். அப்பா குலை வெட்டுபவர். குட்டை மரத்துக்கு உளி. உயர்ந்த மரத்துக்கு நீண்ட கம்பில் பொருத்திய அரிவாள். எல்லா மரத்துக்கும் ஒரே கருவியோடு அவர் போனதே இல்லை.

பல்கலைக்கழகக் கயாக் குழுவில் சேர்ந்தபோது இதை மறந்துவிட்டேன். கோலகுபு பாருவில், சிலாங்கூர் ஆற்றில் முதல் பயிற்சி. "பெரிய பிளேடுதான் வேகம் தரும்" என்று சீனியர்கள் கொடுத்ததை வாங்கிக்கொண்டேன். அரை மணி நேரத்தில் தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஆறெல்லாம் தோட்டத்துப் பெண்ணுக்குச் சரிப்படாது என்று நினைத்தபடி வீடு திரும்பினேன்.

அடுத்த முறை பயிற்றுநர் சிறிய பிளேடு கொண்ட துடுப்பைத் தந்தார். அதே ஆறு, அதே தோள். இம்முறை கடைசிவரை தாக்குப்பிடித்தேன். குறை என்னிடம் இல்லை, கருவியில்தான் என்று அன்றுதான் புரிந்தது.

பெரிய பிளேடு ஒவ்வோர் இழுப்பிலும் அதிக நீரைத் தள்ளும். பாறை விளிம்பிலிருந்து தாவிக் குதிக்க அந்த வலு உதவும். ஆனால் அதன் சுமை முழுவதையும் தோள்தான் தாங்க வேண்டும். சிறிய பிளேடில் வலு சற்றுக் குறைவு. ஆனால் வேகவேகமாகத் துடுப்புப் போடலாம், சீக்கிரம் களைப்பு வராது.

கேரளாவின் கோடஞ்சேரியில் மழைக்காலத்தில் நடக்கும் மலபார் ஆற்றுத் திருவிழாக் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அந்த வீரர்களின் துடுப்பே வேண்டும் என்கிறார்கள் நண்பர்கள். செங்குத்தாக இறங்கும் பாறை ஓடைகளில் அவர்களுக்குப் பல ஆண்டுப் பயிற்சி இருக்கிறது. நமக்கு?

விலையும் அளவுகோல் ஆகாது. கார்பன் துடுப்பு எடை குறைந்தது. ஆனால் பாறையில் பலமாக மோதினால் உடையக்கூடும். கற்கும் மாணவர்களுக்குக் கண்ணாடியிழைத் துடுப்பு போதும். நீளம் 190 முதல் 200 சென்டிமீட்டருக்குள் இருந்தால் பெரும்பாலோருக்குச் சரியாக இருக்கும்.

கயாக் குழுக்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: மொத்தமாக ஒரே அளவில் துடுப்பு வாங்காதீர்கள். குறைந்தது இரண்டு அளவுகளில் வாங்குங்கள். புதியவர்கள் இரண்டையும் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும். கழற்றி மாட்டும் உபரித் துடுப்பு ஒன்றும் உடன் இருக்கட்டும்.

முதல் நாளோடு விலகிப்போகும் மாணவர்கள் எல்லாரும் பலவீனர்கள் அல்லர். அவர்கள் கையில் தவறான துடுப்பு இருந்திருக்கலாம்.