பழங்காரும் புதுப் பக்தரும்

பழைய மோட்டார் வண்டிகளைப் பேணிக் காப்போர் நாட்டின் பாரம்பரியத்தையே பேணிக் காக்கின்றனர் என்றொரு பேச்சு கொழும்பிலே கிளம்பி, சிலாபத்தையும் தாண்டிப் புத்தளம் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. மெருகேற்றிய மொரிஸ் மைனர்களும் ஒஸ்டின்களும் கடற்கரை விடுதிகளை நோக்கி ஊர்வலம் போவதும், அவற்றின் சொந்தக்காரர்கள் பரிசுக் கிண்ணங்களோடு படமெடுத்துக்கொள்வதும், அதனைப் பத்திரிகைகள் பண்பாட்டுத் தொண்டென்று போற்றுவதும் வழக்கமாகிவிட்டன. பாரம்பரியம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் கைகூப்பி நிற்கும் பழக்கம் நமக்கில்லை. எவருடைய பாரம்பரியம்? எவர் கையால் காக்கப்பட்டது? என்ன நிர்ப்பந்தத்தால் காக்கப்பட்டது? இவற்றைக் கேட்டுவிட்டே மேலே செல்வோம்.

இலங்கையில் 1950களின் கார் இன்றும் ஓடுகிறதென்றால் அதற்குக் காரணம் காதலன்று, தட்டுப்பாடு. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வறண்டபோது கார் இறக்குமதியின் கழுத்து நெரிக்கப்பட்டது. 1977ஆம் ஆண்டு பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, உள்ள வண்டியை ஓட்டு, ஓடாவிட்டால் ஓட வை என்பதே இந்நாட்டின் எழுதாச் சட்டமாக இருந்தது. அச்சட்டத்தை நிறைவேற்றியவர்கள் அமைச்சர்களல்லர். கராஜ்களின் எண்ணெய் மண்ணில் மல்லாந்து கிடந்தவர்கள். உதிரிப்பாகம் வராதபோது வெண்கலத்தை உருக்கிப் புஷ் வார்த்தார்கள். லேத்தில் இரும்பைக் கடைந்து ஊசியும் முளையும் செய்தார்கள். லொறிக்கு உரியதைக் காருக்குப் பொருத்தினார்கள். பின்னர் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடியும் நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் அரசு வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதையே நிறுத்திற்று. 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குக் கதவு திறக்கப்பட்டபோது வரி வாசற்படியை மறித்து நின்றது. ஆள்வோரின் கணக்குப் பிழைத்த போதெல்லாம் அப்பிழையைச் சுத்தியலாலும் வெல்டிங் கம்பியாலும் நேர்செய்தவன் எவனோ, அவனுக்கு எந்தக் கிண்ணமும் வழங்கப்பட்டதாக நாம் அறியோம்.

இந்தக் கரையில் அவன் செய்யும் வேலை எத்தகையது என்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று கற்பிட்டித் தீபகற்பத்தின் மணலையும் கடலின் உப்பையும் அள்ளிக்கொண்டு வீசுகிறது. அதே காற்றும் அதே வெயிலுந்தான் புத்தளத்து உப்பளங்களில் உப்பு விளைவிக்கின்றன. உப்பளத்தில் அது விளைச்சல். மோட்டார் வண்டியிலே அது நோய். இரும்பு துருப்பிடிக்க நீரும் பிராணவாயுவும் போதும். அந்நீரில் உப்புக் கரைந்துவிட்டால் மின்னூட்டம் எளிதாக ஓடித் துரு பன்மடங்கு விரைவாகப் பரவுகிறது. மொரிஸ் மைனரைப் பொறுத்தவரை இது உயிர்ப் பிரச்சினை. அலெக் இஸ்ஸிகோனிஸ் வடிவமைத்து 1948ஆம் ஆண்டு வெளிவந்த அவ்வண்டிக்கு லொறிக்குள்ளது போலத் தனியான செசி கிடையாது. உடலே எலும்பு. கதவுக்கடியிலுள்ள பெட்டிபோன்ற தகடு உள்ளிருந்து அரிக்கப்படும்போது வெளியே சாயம் பளபளத்துக்கொண்டேயிருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே போகும். அதனை வெட்டியெறிந்து, புதுத் தகட்டை வளைத்து, கதவு தொய்ந்துவிடாதபடி முட்டுக்கொடுத்து ஒட்ட வேண்டும். மேலே புட்டி பூசி மறைப்பவன் ஒரு பகலில் முடித்துவிடுவான். நேர்மையாகச் செய்பவனுக்கு வாரங்கள் செல்லும். முன்சக்கரத்தைத் தாங்கும் திருகுமுளைக்குக் கிரீஸ் ஏற்ற மறந்தால் ஒருநாள் சக்கரம் மடங்கி வண்டி சாலையில் முழந்தாளிடும். இவ்வளவும் எந்தக் கல்லூரியிலும் கற்பிக்கப்படாமல் ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு வந்த அறிவு.

அறிவு என்றே சொல்கிறோம். கைப்பழக்கம் என்று சொல்லித் தட்டிக்கழிப்போர் படித்தவர்களிடையே நிரம்ப உண்டு. மூளைக்கும் கைக்கும் இடையே மதில் எழுப்பி, மதிலின் இப்புறம் நின்று சம்பளம் வாங்குவது அவர்களுக்கு வசதியாயிருக்கிறது. (இக்கரைத் தொழிலாளர் தம் மூத்தவரைப் ‘பாஸ்’ என்று அழைக்கும் சொல் ஒல்லாந்தர் மொழியிலிருந்து வந்தது. கற்பிட்டியில் கோட்டை கட்டியவர்கள் விட்டுச்சென்றவற்றுள் இன்றும் நாள்தோறும் உழைத்துக்கொண்டிருப்பது அச்சொல் ஒன்றுதான் போலும்.)

அமெரிக்காவில் ‘ஹொட் ரொட்’ என்று ஒன்றைக் கொண்டாடுகிறார்கள். அதன் பிறப்பையும் பக்தர்கள் மறந்துவிட்டனர். 1930களில், பொருளாதார மந்தத்தின் நடுவே, தெற்குக் கலிபோர்னியாவின் இளைஞர்கள் பழைய போர்ட் வண்டிகளை மலிவாக வாங்கி, மட்காப்புகளைக் கழற்றியெறிந்து, பாரத்தைக் குறைத்து, இயந்திரத்தைத் திருத்தி, வறண்ட ஏரிப் படுகைகளிலே ஓட்டிப் பார்த்தார்கள். 1932ஆம் ஆண்டு போர்ட் நிறுவனம் எட்டு உருளை இயந்திரத்தைச் சாமானியர் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தது அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. புதியது வாங்க வக்கற்றவனின் கைத்திறன் அது. பின்னர் சஞ்சிகை வந்தது, கண்காட்சி வந்தது, விலைச்சீட்டு வந்தது. வக்கற்றவன் கண்டுபிடித்ததை வசதியுள்ளவன் வாங்கிக்கொண்டான். எங்கும் நடக்கும் கதைதானே!

நம்மிடையே நடந்த மாற்றியமைப்பு வேகத்துக்காக அன்று. 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடுக்கப்பட்டது. அங்கே ஒஸ்டின் ஏ40களும் மொரிஸ்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலைக் காபரேட்டரில் விட்டு இயந்திரத்தை உயிர்ப்பிப்பார்கள். சூடேறியபின் மண்ணெண்ணெய் பாயும். அக்காலத்து இயந்திரங்களின் அமுக்க விகிதம் 7க்குச் சற்று மேலேயே இருந்ததால் அவை அதனைப் பொறுத்துக்கொண்டன. புதுமாதிரி இயந்திரம் பொறுத்திராது. எரியாத மண்ணெண்ணெய் அடியிலிறங்கி மசகெண்ணெயை நீர்த்துப்போகச் செய்யுமாதலால் அதனை அடிக்கடி மாற்றவும் வேண்டியிருந்தது. பிள்ளைப்பேற்றுக்கும் பிணத்துக்கும் அந்த வண்டிகளே போயின. உலகத்து ஹொட் ரொட் சஞ்சிகைகள் எவையும் இதனை அட்டைப்படமாகப் போட்டிருக்க மாட்டா. அதே 1990 ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். வீட்டையும் கடையையும் வாகனத்தையும் கருவியையும் விட்டுவிட்டு வந்த அவர்களுட் பெரும்பாலோர் தஞ்சமடைந்தது இந்தப் புத்தளம் மண்ணில்தான். ஓலைக்கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கியவர்களிடையே கைத்தொழில் தெரிந்தோரும் இருந்தனர். கருவிப்பெட்டியைப் பறிக்கலாம்; கை கற்றதைப் பறிக்க இயலவில்லை.

பழங்காருக்குச் சொந்தக்காரர் தம் வண்டியின் இலக்கத்தகட்டைத் துடைத்துக் காட்டுகையில் ஓர் எழுத்தைக் காட்டுகிறார்: ‘ஸ்ரீ’. 1950களின் பிற்பகுதியில் புகுத்தப்பட்ட அந்தச் சிங்கள எழுத்தைத் தாங்கிய பஸ்கள் வடக்கே அனுப்பப்பட்டதும், தமிழரசுக் கட்சியினர் தார் பூசி அழித்ததும், பண்டாரநாயக்கா–செல்வநாயகம் ஒப்பந்தம் 1958 ஏப்ரலில் கிழித்தெறியப்பட்டதும், மே மாதத்தில் இரத்தம் ஓடியதும் அத்தகட்டோடு ஒட்டியிருக்கும் சரித்திரம். சேகரிப்போருக்கு அது ‘அசல் இலக்கம்’ மாத்திரமே. விலை ஏற்றும் ஓர் அம்சம்! பாரம்பரியத்தைப் பேணுவோர் இந்தப் பகுதியை மட்டும் ஏன் மெருகேற்றாமல் விட்டுவிட்டனர்?

கற்ற கையின் மதிப்பை அந்நியன் அறிந்திருக்கிறான் என்பதற்கும் சான்றுண்டு. இங்கிலாந்தின் பாத் நகரில் மொரிஸ் மைனர்களைச் சீர்செய்யும் நிலையம் நடத்திய சார்ள்ஸ் வெயர் என்பவர், வண்டியைத் தூக்கியெறியாமல் திருத்தித் திருத்திப் பல்லாண்டு ஓட்டுவதே பொருளாதார நியாயம் என்று வாதிட்டவர். அவர் 1990களில் தனபால சமரசேகர என்ற இலங்கையரோடு கூட்டுச் சேர்ந்து, மொரிஸ் மைனருக்கு வேண்டிய பாகங்களை இங்கே செய்வித்து அங்கே கொண்டுசென்றார். எந்த நாடு அவ்வண்டியைச் செய்து நமக்கு விற்றதோ, அந்நாட்டின் பழைய நினைவு துருப்பிடிக்காமலிருக்க நமது தொழிலாளியின் கை வேண்டியிருந்தது. வெயரின் வாதத்தில் நமக்கு மறுப்பில்லை. ஆயினும், நமது பாஸ்மார் அதனை எந்த நூலும் எழுதாமல் முப்பது ஆண்டுகளுக்கு முன்பே நடத்திக் காட்டிவிட்டார்கள் என்பதையும் பதிவு செய்யத்தான் வேண்டும்.

பழங்காரை நேசிப்பது குற்றமா என்று கேட்கலாம். இல்லை. நன்றாகச் செய்யப்பட்ட பொருளை நேசிப்பது மனித இயல்பு, நாமும் நேசிக்கிறோம். சேகரிப்போரால் கராஜுக்கு வேலை கிடைக்கிறதே என்றும் கேட்கலாம். கிடைக்கிறது, மறுக்கவில்லை. எத்தகைய நிலைமையில் என்பதே கேள்வி. பழைய பிரேக் கட்டைகளில் அஸ்பெஸ்டஸ் கலந்திருந்தது; அவற்றின் தூசியை வாயால் ஊதியோ காற்றுக்குழாயால் அடித்தோ அகற்றுவோர் இன்றுமுண்டு. அஸ்பெஸ்டஸ் தூசி புற்றுநோய் விளைவிப்பது ஐயமற நிறுவப்பட்ட உண்மை. இரு பங்கு கலந்து தெளிக்கும் பளபளப்புச் சாயத்திலுள்ள ஐசோசயனேற்று ஈளையை வருவிக்கும்; அதற்கு முகத்தில் கட்டும் கைக்குட்டை காப்பாகாது. கிண்ணம் வென்ற காரின் கண்ணாடிபோன்ற சாயத்தில் முகம் பார்ப்பவர், அச்சாயத்தை அடித்தவனின் நெஞ்சைப் பார்த்ததுண்டா?

இன்னொரு வாதமும் வருகிறது. இனி மின்வண்டிகளின் காலம். இத்தொழில் தானாகவே மாண்டுவிடும், அதற்கு ஏன் இவ்வளவு சொற்கள் என்கிறார்கள். நுரைச்சோலை அனல் நிலையத்தின் 900 மெகாவாட்டு இக்கரையிலேயே உற்பத்தியாகும்போது மின்வண்டி இங்கு வராதென்று நாம் சொல்லமாட்டோம். வரட்டும். அதற்கும் தகடு உண்டு, பிரேக் உண்டு, முன்சக்கர முளை உண்டு. தென்மேற்குக் காற்று அதனை விலக்கி வீசப்போவதில்லை. மாளப்போவது தொழிலன்று, தொழிலைச் சொல்லும் மொழி. சிலாபத்துக்குத் தெற்கேயும் வடக்கேயும் பள்ளிக்கூட மொழி மாறியபோது வீட்டு மொழியும் மாறிப்போன ஊர்களை ஆசிரியர்கள் அறிவார்கள். கராஜிலும் அதுவே நிகழலாம்.

ஆகவே ஆசிரியர்களிடமும் மாணவர்களிடமும் நாம் வேண்டுவது இது. உடப்பிலும் முந்தலிலும் பாலாவியிலும் கற்பிட்டியிலும் உள்ள கராஜ்களுக்கு விடுமுறை நாட்களில் குறிப்பேட்டோடு செல்லுங்கள். எந்தக் கருவிக்கு என்ன பெயர், எந்தப் பாகம் எதிலிருந்து செய்யப்பட்டது, எவரிடம் கற்றார் என்பவற்றை அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். படிப்புச் சான்றிதழ் இல்லாதவரின் அனுபவத்தை மதிப்பிட்டுத் தேசிய தொழிற்தகைமை வழங்கும் ஏற்பாடு இந்நாட்டில் உண்டு. அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுங்கள். கடைசியாக ஊழியர் சேமலாப நிதியைப் பற்றி விசாரியுங்கள். அச்சட்டமும் 1958ஆம் ஆண்டுச் சட்டந்தான். தொழிலாளியின் 8 சதவீதத்தோடு முதலாளி 12 சதவீதம் சேர்த்துக் கட்ட வேண்டும். ஒரே ஒருவரை வேலைக்கு வைத்திருந்தாலும் கட்ட வேண்டும். தகடு வெட்டும் அந்த இளைஞனின் பெயரில் அது கட்டப்படுகிறதா என்று கேட்டு, விடையையும் தேதியிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.