விரல் விறைத்தால் படம் ஏது?

உயரம் 10,000 அடி. கூரையற்ற விமானம். காற்றோ சாட்டையாய் அடிக்கிறது. கையுறைக்குள்ளே விரல்கள் விறைக்கின்றன. அந்த விரல்களால்தான் காமிராவை இயக்கியாக வேண்டும்! முதல் உலகப்போர் ஓய்ந்த பின், போருக்கென்று செய்த விமானங்களிலேறி வான்படம் எடுத்தோர் பட்ட பாடு அது. கீழே நிலத்தைக் காண வேண்டும். கீழிறக்கையோ குறுக்கே நிற்கும்!

பொறுத்துக்கொள், பழகிக்கொள் என்று உழைப்பவனுக்கு உபதேசிப்போர் எந்த நாட்டிலும் உண்டு. அமெரிக்காவின் ஷெர்மன் ஃபேர்சைல்டு உபதேசிக்கவில்லை, ஊர்தியை மாற்றினார். 1921-இல் 100 வான்படங்களை இணைத்து மன்ஹாட்டன் தீவின் வரைபடத்தை ஆக்கியது அவருடைய நிறுவனம். தம் தொழிலுக்கேற்ற விமானம் வேண்டுமென்றார்; கட்டுவோர் கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை. தாமே கட்டத் துணிந்தார். 1926 ஜூனில் பறந்தது எஃப்.சி.1! இறக்கை தலைக்கு மேலே சென்றது. பார்வைக்குத் தடை நீங்கியது. மூடிய அறை, அதனுள்ளே வெப்பம், அகன்ற சன்னல்கள்! படமெடுப்பவனை நடுவில் அமர்த்தி, அவனைச் சுற்றி விமானத்தை எழுப்பினார்கள் எனலாம்.

செல்வர் வீட்டுப் பிள்ளை, தந்தை ஐ.பி.எம். நிறுவனத் தலைவராக இருந்தவர், செய்ய முடிந்தது என்பீர்கள். மறுக்கவில்லை. (காசநோயால் ஹார்வர்டு படிப்பை இடையிலே விட்டவரும்கூட; கல்லூரியைப் பாதியில் துறந்த எனக்கு அதிலே ஓர் அற்ப மகிழ்ச்சி!) ஆனால் பணம் படைத்தோர் பல்லாயிரவர். பணியாளனின் விறைத்த விரலைக் கணக்கிலே சேர்த்தோர் எத்தனை பேர்?

1928-இல் தென்துருவப் பனிவெளிக்குப் புறப்பட்ட பெயர்டு, இதன் வழிவந்த விமானம் ஒன்றையும் உடன் கொண்டு சென்றார். பொறுத்துக்கொள் என்னும் உபதேசிகள் அந்தப் பனியிலே போய் உரையாற்றிப் பார்க்கட்டுமே!