கையால் எண்ணிய வலிக்கு மதிப்பில்லையா?

"இது சூட்டு வலி. நல்லா வலி எடுத்ததும் வா." பிரசவ வார்டில் இந்தப் பதிலோடு திருப்பி அனுப்பப்பட்டவர்களை எங்கள் காலனிகளில் நிறையப் பார்க்கலாம். அது சூட்டு வலியாகவே இருக்கலாம். ஆனால் ஏழாம், எட்டாம் மாதத்தில் வந்த வலியைப் பரிசோதிக்காமல் அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

காசுள்ள வீட்டுப் பெண் கருவி பதிவு செய்த கணக்கைக் காட்டினால் நம்புகிறார்கள். கூலிக்காரப் பெண் வாயால் சொன்னால் "உனக்கு என்ன தெரியும்" என்கிறார்கள். அந்தக் கருவிக்கு அவ்வளவு மகிமை உண்டா?

அமெரிக்காவில் 1980களிலேயே அது வந்துவிட்டது. கர்ப்பிணி வீட்டில் வயிற்றைச் சுற்றி பெல்ட் கட்டிக்கொள்வார். கருப்பை இறுகுவதை அது பதிவு செய்து தொலைபேசி வழியே நர்சுக்கு அனுப்பும். 1998இல் 2,422 கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வு வெளியானது. அறிகுறிகளைக் கற்றுக்கொடுத்து வாரம் ஒருமுறை நர்ஸ் பேசியவர்களுக்கும், தினமும் பேசி பெல்ட்டும் கட்டியவர்களுக்கும் குறைமாதப் பிரசவத்தில் வேறுபாடு இல்லை.

ஆகவே கை போதும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுத்து, வயிற்றில் உள்ளங்கையை வையுங்கள். வயிறு கல் மாதிரி இறுகித் தளர்ந்தால் ஒன்று. ஒன்று தொடங்கி அடுத்தது தொடங்கும்வரை நிமிடம் பாருங்கள். 37 வாரம் முடியும் முன் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால் கிளம்பிவிடுங்கள். நீர் கசிந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தையின் அசைவு குறைந்தாலோ எண்ணவே வேண்டாம், 108ஐ அழையுங்கள். களை எடுக்கக் குனிந்த இடுப்பு வலி என்று தள்ளிப்போடாதீர்கள்.

நேரம் ஏன் முக்கியம்? 24 முதல் 34 வாரத்துக்குள் பிரசவம் நெருங்கினால், தாய்க்குப் போடும் ஸ்டீராய்டு ஊசி குழந்தையின் நுரையீரல் முதிர உதவும். அதன் முழுப் பலனுக்கு ஒரு நாளாவது வேண்டும். வார்டு வாசலிலிருந்து திருப்பி அனுப்பினால் அந்த ஒரு நாள் பறிபோகிறது.

நாம் பெல்ட் கேட்கவில்லை. கிராம சுகாதார செவிலியர் ஊரோடு நின்றுவிடாமல் காலனிக்குள்ளும் வந்து இதைக் கற்றுத்தரட்டும். வலி என்று வரும் பெண் சொல்லும் நேரத்தையும் எண்ணிக்கையையும் வார்டில் எழுதிக்கொள்ளட்டும். திருப்பி அனுப்புவதானால், யார் பரிசோதித்தார், என்ன கண்டார் என்று அவள் அட்டையிலேயே எழுதிக் கையெழுத்துப் போடட்டும்.