டர்போ குழாய்க்கு அந்தத் துணி வேண்டாம் தம்பிமாரே

 

ஏப்ரல் சீசன் வருகிறது. மஹகஸ்தோட்ட, ரதல்ல மலையேற்றப் பந்தயங்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் கந்தப்பளையில் நிறையப் பேர். பழைய ஸ்டார்லட்டோ லான்சரோ கையில் கிடைத்தால் டர்போ போட்டு நுவரெலியா ரோட்டில் ஓடிப் பார்க்காமல் தூக்கம் வராது. அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை பிடிக்கலாம். இன்றைய பேச்சு ஹெடர் குழாயில் சுற்றும் துணியைப் பற்றி.

போன வாரம் ஒரு கராஜுக்குப் போயிருந்தோம். எங்களிடம் சாதாரண தரம் வரை படித்த தம்பி, சாம்பல் நிறத் துணியொன்றைக் கையால் கிழித்துக் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தான். மாஸ்க் இல்லை. தூசு பறக்கிறது. "அஸ்பெஸ்டஸ் சேர், எவ்வளவு சூட்டையும் தாங்கும்" என்றான்.

தாங்கும், உண்மைதான். தாங்காதது நம் நுரையீரல். அந்த நார் உள்ளே போனால் வெளியே வராது. நோய் தெரிய இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகலாம். வெள்ளை அஸ்பெஸ்டஸ் உட்பட எல்லா வகையும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. "நம்ம கூரையே அதுதானே" என்பார்கள். கூரைத் தகட்டில் நார் சீமெந்தோடு இறுகிக் கிடக்கிறது. வெட்டும்போதும் துளைக்கும்போதும்தான் அதிகம் பறக்கும். துணியில் சீமெந்தும் இல்லை, வெறும் நார்தான்.

அரசாங்கம் தடுக்காதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. 2018 ஜனவரி முதல் அஸ்பெஸ்டஸ் இறக்குமதியைக் கட்டுப்படுத்த இலங்கை தீர்மானித்திருந்தது. நமக்கு அதை விற்பதில் முக்கியமான நாடு ரஷ்யா. 2017 டிசம்பரில், தேயிலைப் பொதியில் வண்டு இருந்ததென்று ரஷ்யா நம் தேயிலையை நிறுத்தியது. இங்கே அஸ்பெஸ்டஸ் முடிவு தள்ளிப்போனது, அங்கே தேயிலைத் தடையும் நீங்கியது. தோட்டத்துப் பிழைப்பை நினைத்தால் அன்று அரசாங்கத்தைத் திட்டவும் மனம் வரவில்லை. ஆனால் தேயிலைக்காக விட்டுக்கொடுத்தது நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போய்ச் சேர வேண்டுமா?

சரி, எதைச் சுற்றுவது? பெட்ரோல் டர்போவில் ஏற்றத்தில் புகையின் சூடு 900 பாகையைத் தொடும். சாதாரண கண்ணாடி நார் டேப் தொடர்ந்து தாங்குவது ஐந்நூற்றுச் சொச்சம். எரிமலைக் கல்லிலிருந்து செய்யும் பசால்ட் டேப் அதைவிடத் தாங்கும். கடையில் டைட்டேனியம் டேப் என்று கேட்டால் பெரும்பாலும் இதைத்தான் தருவார்கள். டர்போவின் சூடான பக்கத்துக்கு மட்டும் அதற்கென்றே வரும் போர்வை போதும். எண்ணெய் ஓடும் நடுப்பகுதியை மூடாதீர்கள். போர்வையின் உள்ளே இருப்பது செரமிக் பஞ்சு என்றால் அதையும் வெட்டிப் பிரிக்க வேண்டாம், அதன் தூசும் நல்லதல்ல. லேபல் இல்லாமல் சுருளிலிருந்து வெட்டித் தரும் எதையும் வாங்காதீர்கள். பார்த்த மாத்திரத்தில் எது அஸ்பெஸ்டஸ் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்னொன்று, நம்ம ஊர்ப் பனியும் மழையும். சுற்றிய டேப் ஈரத்தைப் பிடித்து வைக்கும். சாதாரண இரும்புக் குழாய் உள்ளுக்குள்ளேயே துருப்பிடித்துவிடும். எண்ணெய் ஒழுகி டேப்பில் ஊறினால் விளக்குத் திரி மாதிரிப் பற்றும். தினமும் ஓடும் வாகனத்துக்கு எங்கள் அபிப்பிராயம், டேப்பே வேண்டாம். குழாய்க்கும் தகட்டுக்கும் நடுவே காற்று போக இடம் விட்டு ஒரு வெப்பத் தடுப்புத் தகடு அடியுங்கள். விலையும் குறைவு, கழற்றிப் பார்க்கவும் முடியும்.

உடம்பு அமானிதம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வருகிறோம். கராஜ் பாஸ்மாரே, பழைய வாகனத்தில் ஏற்கனவே சுற்றிய துணி என்னவென்று தெரியாவிட்டால் உலர்ந்தபடி கிழிக்கவோ காற்றடிக்கவோ பையன்களை விடாதீர்கள். நன்றாக நனைத்து, நல்ல மாஸ்க் போட்டுக் கழற்றி, இரண்டு பைகளில் கட்டுங்கள். அந்தத் தம்பி நேற்றுக் கோல் எடுத்து, மிச்சச் சுருளை என்ன செய்வதென்று கேட்டான். தொடாமல் மூடி வை, நாங்கள் வருகிறோம் என்றோம். சனிக்கிழமை போகிறோம். வேறு கராஜ்களிலும் இருந்தால் சொல்லுங்கள்.