அரைப்புள்ளி

நெற்குப்பை போன்ற நகரத்தார் ஊர்களில் வரியைப் புள்ளிக் கணக்கில் எழுதுவார்கள். மணமான ஆண் ஒரு புள்ளி. அவர் இறந்துவிட்டால் மனைவி அரைப்புள்ளி. அரசாங்கம் போட்ட சட்டமல்ல இது. கேட்டால், ‘வழக்கம்’ என்பார்கள்.

இணையத்திலும் இப்படி ஒரு பதிவேடு உண்டு. அப்பத்தா சொன்ன கதைகளை எழுதி வைக்க 2015இல் ஒரு டொமைன் வாங்கப் போனேன். பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண் எல்லாம் கொடுக்க வேண்டும். ‘ஹூ இஸ்’ என்ற பதிவேட்டில் அவற்றை அப்போது உலகில் யாரும் பார்க்க முடிந்தது. மறைத்து வைக்கத் தனிக் கட்டணம் கேட்டார்கள்.

“பொம்பளப்பிள்ளை விலாசத்தை ஊருக்கெல்லாம் சொல்லுவாகளா?” என்றார் அப்பத்தா. டொமைன் அண்ணன் பெயரில் பதிவானது. எழுத்து என்னுடையது, உரிமை அவருடையது.

அப்பத்தாவைக் குறை சொல்ல மாட்டேன். அவர் அச்சம் நியாயமானது. அந்த அச்சமே தோன்றாதவர்கள் விதி எழுதியதுதான் குறை. 1982இல் அமெரிக்க ஆராய்ச்சி வலையமைப்பில் இருந்த சிலர் ஒருவரையொருவர் தொடர்புகொள்ள உண்டானது அந்தப் பதிவேடு. அந்தச் சிறு வட்டத்துக்கு அது பொருந்தியது. டொமைன்களை நிர்வகிக்க 1998இல் ஐகான் அமைப்பு வந்தது. அதன் பிறகு அந்த வழக்கமே ஒப்பந்த விதியாயிற்று. வணிக முத்திரை வைத்திருந்த நிறுவனங்களும் காவல்துறைகளும் பதிவேடு திறந்தே இருக்க வேண்டும் என்றன. பெண்ணைப் பின்தொடர்ந்து மிரட்டுபவனுக்கும் அதே கதவுதான் திறந்திருந்தது.

அந்தரங்க உரிமைக்காக ஆண்டுக்கணக்கில் வாதாடியவர்கள் உண்டு. ஆனால் டாட் காம் போன்ற டொமைன்களில் அந்தக் கதவு பெருமளவு மூடியது 2018 மே 25 அன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள் அது. அபராதத்துக்குப் பயந்தார்கள், நம் பயம் அவர்களுக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

“ஐகான் கூட்டத்துக்கு யாரும் வரலாம், கட்டணமும் இல்லை, பெண்களை யார் தடுத்தார்கள்?” என்று கேட்பார்கள். விசாவும் விமானச் செலவும் யார் தருவது? அந்த ஒரு வாரம் வீட்டில் பிள்ளையை யார் பார்ப்பது? தடை என்று எழுதி வைக்காமலே தடுப்பதற்குத்தான் வழக்கம் என்று பெயர்.

தங்கைகளே, இதெல்லாம் தொழில்நுட்பம், நமக்கெதற்கு என்று ஒதுங்காதீர்கள். டொமைனை உங்கள் பெயரில் வாங்குங்கள். பதிவேட்டின் விதியை யார் எழுதுகிறார்கள் என்று கேளுங்கள். ‘வழக்கம்’ என்று பதில் வந்தால், யாருடைய வழக்கம் என்று மறுபடியும் கேளுங்கள்.